தேரிச் செம்மணல் மேடு ஒரு காலத்தில் கடலடியா? உடன்குடியிலிருந்து ஒரு கேள்வி

கேள்வி, 2024 மே 11, காலை 7.15

அண்ணாச்சி, குடும்ப வாட்ஸ்அப் குழுவுல ஒரு வீடியோ சுத்துது. குதிரைமொழித் தேரி, சாத்தான்குளம் பக்கத்துத் தேரி எல்லாம் முன்னால கடலுக்கு அடியில கெடந்துச்சாம். கடல் உள்வாங்கினதும் செக்கச்செவேல்னு வெளிய வந்துச்சாம். எங்க பெரியப்பா அப்படியே நம்புதாரு. இப்போ தோட்டத்துல போர் போடுதோம். 19 அடியில எலும்பு மாதிரி வெள்ளை வெள்ளையாத் துண்டு வந்துச்சு. பவளம், கடல் இருந்ததுக்கு இதாம்லே சாட்சின்னு பெரியப்பா சொல்லுதாரு. நெசமா?

மே 11, இரவு 9.40

இல்லை தம்பி. வீடியோ தலைகீழாகச் சொல்கிறது.

முதலில் இந்த ‘உள்வாங்கியது’ என்கிற சொல். அமாவாசை, பௌர்ணமி வந்தால் போதும், திருச்செந்தூரில் கடல் உள்வாங்கியது, பாசி படிந்த பாறை தெரிந்தது, பக்தர்கள் செல்ஃபி எடுத்தார்கள் என்று செய்தி வரும். அது ஓதம். சாயங்காலமே திரும்பி வந்துவிடும். தேரிக் கதையில் வரும் கடல் வேறு கணக்கு. சுமார் 20,000 ஆண்டுக்கு முன், வடக்கே பனிப்பாளங்கள் கண்டத்தையே மூடிக்கிடந்த காலத்தில், கடல் மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட 120 மீட்டருக்கும் கீழே இருந்தது. பாக் நீரிணையில் பெரும்பகுதி 15 மீட்டர் ஆழம்கூடக் கிடையாது. அப்போது அங்கே தண்ணீரே இல்லை, இலங்கைக்கு நடந்து போயிருக்கலாம்.

அப்படி வெளியே வந்த, கரையை ஒட்டிய ஆழம் குறைந்த கடலடித் திட்டு மொத்தமும் காய்ந்த மணல்காடு. அதைக் காற்று வாரிக்கொண்டு வந்து மேட்டில் கொட்டியதுதான் தேரி. கடல் போன பிறகு வந்த மண் அது, கடலுக்கு அடியில் கிடந்த மண் இல்லை. சிவப்பும் கடல் கொடுத்ததல்ல. மணலோடு கிடக்கும் கார்னெட், இல்மனைட் போன்ற இரும்புச் சத்துள்ள மணிகள் மழையில் சிதைந்து, அந்த இரும்பு ஒவ்வொரு மணல் மணிமேலும் தோலாகப் படிந்திருக்கிறது. துரு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மே 11, இரவு 10.05

அந்த எலும்புத் துண்டை போட்டோ எடுத்துப் போடுங்கள். குறுக்கே உடைத்து, நடுவில் ஓட்டை இருக்கிறதா என்று பாருங்கள்.

மே 12, காலை 6.30

ஓட்டை இருக்கிறது. நினைத்தேன்.

அது பவளமில்லை, வேர். சரியாகச் சொன்னால் வேர் இருந்த இடம். மணலுக்குள் ஓடிய வேரைச் சுற்றிச் சுண்ணாம்பு படியும். வேர் மட்கிப் போனதும் குழாய் மட்டும் மிஞ்சும். நம்ம பக்கம் சுக்கான் கல் என்கிறோமே, அதே குடும்பம்தான், குழாய் வடிவத்தில் இருக்கிறது. பவளமாக இருந்தால் மேலே நட்சத்திரம் குத்தியதுபோல் குழிகள் வரிசையாக இருக்கும். கக்கூஸ் கழுவும் ஆசிட் ஊற்றிப் பார்த்தோம், பொங்கியது என்று ஒருவர் கீழே எழுதியிருக்கிறார். பவளமும் பொங்கும், வேர்க்குழாயும் பொங்கும், இரண்டும் சுண்ணாம்புதானே. அதை வைத்து ஒன்றும் தீர்ப்பு சொல்ல முடியாது.

ஆக 19 அடி ஆழத்தில் ஒரு காலத்தில் செடி முளைத்திருக்கிறது. அதாவது தரை. பெரியப்பாவிடம் பதமாகச் சொல்லவும்.

மே 12, மதியம் 2.10

ஆசிட் என்றதும் ஒன்று ஞாபகம் வந்தது. எம்.எஸ்சி. படிக்கும்போது தேரி மணல் ஒரு கைப்பிடியை பீக்கரில் போட்டு ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஊற்றிச் சூடுபண்ணினோம். கொஞ்ச நேரத்தில் அமிலம் நீர்மோர்க் குழம்பு நிறத்துக்கு வந்தது. வடித்துக் கழுவி உலர்த்தினால் மணல் வெள்ளை! மணப்பாடு கடற்கரையில் அள்ளிய மணலைப் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் சொல்ல முடியாது. இடையிடையே கறுப்பு மணிகள் மட்டும் மிளகுத்தூள் தூவியதுபோல. நான் பாட்டி வீட்டுத் திண்ணையில் தினமும் மிதித்துக் கறையேறிய மண் அது. அன்றைக்குத்தான் அதற்குத் தோல் வேறு, உடம்பு வேறு என்று தெரிந்தது.

கற்குவேல் அய்யனார் கோவில் கள்ளர்வெட்டுத் திருவிழாவுக்கு வருகிறவர்கள் தேரி மண்ணை மடியில் கட்டிக்கொண்டு போவார்கள். எங்கள் வீட்டிலும் டப்பாவில் இருக்கிறது. அதை நான் ஆசிட்டில் போடவில்லை, பயப்பட வேண்டாம்.

மே 14, இரவு 11.20

கேள்வி கேட்ட தம்பியின் அம்மா ஒரு கேள்வி அனுப்பியிருக்கிறார்கள். இரண்டு நாளாக எனக்குத் தூக்கம் கெட்டுவிட்டது. ‘வைகாசி, ஆனியில கச்சான் மேக்க இருந்துல்லா அடிக்கி. மண்ணு கெழக்க போய்த்தான் விழும். கடலு கெழக்க இருக்கு. அப்போ கடல்ல இருந்து மண்ணு எப்படி மேலே ஏறும்?’

நியாயமான கேள்வி. மே 11ல் நான் இதைத் தாண்டிக் குதித்திருக்கிறேன். ராபர்ட் புரூஸ் ஃபூட், 1880களில் மதுரை, திருநெல்வேலி ஜில்லாக்களின் நிலவியலை எழுதியவர், இந்த மேல்காற்றுக்குத்தான் முக்கியத்துவம் கொடுத்தார். மேற்கே மலையடிவாரச் செம்மண்ணைக் காற்று உழுதுகொண்டு வந்து இங்கே சேர்த்தது என்பது அந்த வழி. இன்றைக்கும் தேரி மேடு நகர்வதைப் பார்த்தவர்களுக்கு அதுதான் சரியாகப் படும்.

என் பக்கத்துக்கு இரண்டு சமாதானம் வைத்திருக்கிறேன். ஒன்று, நம் கரை வடக்கு தெற்காக நேர்கோட்டில் இல்லை. கன்னியாகுமரியிலிருந்து உவரி, பெரியதாழை, மணப்பாடு என்று வடகிழக்காகச் சாய்ந்து ஏறுகிறது. கடல் இறங்கியிருந்தபோது குமரிக்குத் தெற்கே, இப்போது வெட்ஜ் பேங்க் என்று மீன்பிடிக்கிறார்களே, அந்த அகலமான திட்டில் பெரும்பகுதி தரை. தென்மேற்கிலிருந்து அடிக்கும் காற்று அந்தத் தரைமேல் ஓடி இங்கே வரும். இரண்டு, பனியுகத்தில் தென்மேற்குப் பருவக்காற்று சோர்ந்து வாடை ஓங்கியிருந்தது. வாடைக்கு மன்னார் வளைகுடாத் தரை நேரெதிரே கிடக்கிறது.

சமாதானம்தான். முடிவு இல்லை. மணிகளை வைத்துப் பிரிக்கலாமே என்றால் அதுவும் சுலபமில்லை. கார்னெட்டும் இல்மனைட்டும் மேற்கே மலைப்பாறையில் பிறந்தவை. ஆற்றோடு கடலுக்குப் போய்த் திரும்பி வந்ததா, மலையடிவாரத்திலிருந்து நேரே வந்ததா என்று மணி சொல்லாது. அதனால் ‘மொத்தமும் கடல்திட்டு மணல்’ என்று நான் எழுதியதை ‘கடல்திட்டு மணலும் மேற்கத்திச் செம்மண்ணும்’ என்று திருத்தி வாசிக்கவும். எத்தனைக்கு எத்தனை என்று கேட்காதீர்கள்.

மே 15, இரவு 8.00

அந்த மணல் எல்லாம் காற்றோடு வந்துவிட்டதா, கடலடியில் மிச்சம் இல்லையா என்று ஒருவர் கேட்கிறார். இருக்கிறது. கையால் தொட்டிருக்கிறேன்.

படிப்புக்கு ஒரு ஆய்வு செய்தாக வேண்டும். ஒரு வள்ளத்தை நாள் வாடகைக்குப் பேசி, கடலடி மண் எடுக்கப் போனோம். கிராப் என்று ஒரு இரும்புச் சாமான், இரண்டு தாடை, கயிற்றில் இறக்கினால் தரையில் இடித்ததும் தாடை மூடிக்கொள்ளும். மூடிக்கொள்ள வேண்டும். முதல் நாலு தடவை இடுக்கில் சிப்பி மாட்டி, வாயைப் பிளந்துகொண்டு வெறுமனே வந்தது. வள்ளக்கார அண்ணாச்சி பார்த்துப் பார்த்துச் சிரித்தார். ஈயக்குண்டின் அடியில் துணி சோப்பை அப்பி இறக்கினார். மேலே தூக்கி, சோப்பில் ஒட்டியதைப் பார்த்து, ‘இங்க சேறு. இன்னும் ரெண்டு மைல் போனா மணலு. அதுக்கு அங்கிட்டுப் பாரு’ என்றார். கிராப்பை நாங்கள் சரிபண்ணி முடிக்கும்போது அவர் வரைபடத்தையே முடித்துவிட்டார்.

பாடத்தில் என்ன படித்திருந்தோம்? கரையோரம் பருமணல், போகப்போகப் பொடிமணல், ஆழத்தில் சேறு. அலை ஓயஓயப் பொடி இறங்கும், அதுதானே முறை. நாங்கள் எடுத்ததில் கரையோரம் பொடிமணலும் சாம்பல் சேறும். அதைத் தாண்டி 20 பாகம் ஆழத்தில், சுமார் 36 மீட்டர், தவிட்டு நிறத்தில் பருமணல். உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தால் நறநற என்கிறது. தேய்ந்து மழுங்கிய சிப்பித் துண்டு வேறு. எங்களுக்கு வழிகாட்டியவர் பைகளில் சீட்டு மாற்றி ஒட்டிவிட்டீர்கள் என்று கத்தினார். திரும்பப் போகக் காசில்லை. ஆய்வேட்டில் அந்த மூன்று பையையும் ‘ஐயத்துக்குரியவை’ என்று போட்டுக்கொடுத்தோம்.

பிறகுதான் படித்தேன். கே. ஓ. எமரி என்கிற கடல் நிலவியலாளர் 1968லேயே எழுதிவிட்டார்: உலகக் கடல்திட்டுகளில் சுமார் 70 சதவீதத்தை மூடியிருப்பது இன்றைய கடல் போட்ட மண்ணே அல்ல, கடல் தாழ்ந்திருந்தபோது கரையும் ஆறும் போட்டுவிட்டுப் போன பழைய மண். கடல் 36 மீட்டர் கீழே இருந்தது சுமார் 10,000 ஆண்டுக்கு முன். எங்கள் வள்ளம் நின்ற இடம் அன்றைக்குக் கடற்கரை! தவிட்டு நிறம் வெயிலும் மழையும் பட்ட கறையாக இருக்க வேண்டும். பைச்சீட்டு சரியாகத்தான் இருந்தது.

மே 15, இரவு 8.40

‘அங்கிட்டுப் பாரு’ என்பதில் ‘பார்’ என்பது கட்டளை இல்லை. கடலடிப் பாறைத்திட்டுக்குப் பார் என்று பெயர். முத்துச்சிப்பி ஒட்டிக் கிடப்பது அதன்மேல்தான். மணலைச் சுண்ணாம்பு பிடித்து இறுகிய பாறை பல இடத்தில். தூத்துக்குடியில் கடைசியாக முத்துக்குளித்தது 1961. அந்தப் பாரும் கடல் ஏறி இறங்கிய கணக்கில் ஒரு வரிதான், இன்னொரு நாள் சொல்கிறேன்.

மே 16, காலை 5.50

எமரியின் 70ஐ அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். பிறகு வந்தவர்கள் சொன்னது: மண் பழையதுதான், ஆனால் இன்றைய புயலும் நீவாடு என்கிற கடல் நீரோட்டமும் அதைக் கிளறிக்கொண்டேதான் இருக்கின்றன. சரியாக அழிக்காத சிலேட்டில் மறுபடி எழுதியதுபோல. முன்னால் எழுதியதும் தெரியும், இப்போது எழுதியதும் தெரியும், இரண்டும் கலந்து எதையும் ஒழுங்காக வாசிக்க முடியாது.

மே 17, இரவு 10.30

இப்போது பெரிய திருத்தம். மே 11ல் எழுதிய கதையில் ஒரு ஓட்டை இருக்கிறது, யாரும் பிடிக்கவில்லை.

மணல் மணிக்கு வயது பார்க்க ஒரு வழி உண்டு. கடைசியாக எப்போது வெயிலைப் பார்த்தது என்று கணக்கிடலாம். மண்ணுக்குள் புதைந்த நாளிலிருந்து சுற்றியுள்ள கதிர்வீச்சு குவார்ட்ஸ் மணிக்குள் சேர்ந்துகொண்டே போகும். ஆய்வகத்தில் ஒளியைக் காட்டினால் அந்தச் சேமிப்பு மினுங்கி வெளியே வரும். அதனால் மணலை வெளிச்சம் படாமல் இரும்புக் குழாயை அடித்து இறக்கி எடுப்பார்கள். தேரிக்கு இப்படிப் பார்த்ததில் உள்நாட்டுத் தேரி 15,000 ஆண்டுக்கு மேல். கரையோரத் தேரியோ சுமார் 11,000த்திலிருந்து 5,000 சொச்சம் வரை.

யோசித்துப் பாருங்கள். கடல் அடிமட்டத்தில் இருந்தது 20,000 ஆண்டுக்கு முன். 11,000த்தில் அது பாதிக்கு மேல் ஏறிவிட்டது. 7,000 வாக்கில் ஏறக்குறைய இன்றைய இடம். அப்படியானால் கரையோரத் தேரி கடல் போனபோது வந்தது இல்லை, கடல் திரும்பி வந்துகொண்டிருந்தபோது வந்தது.

எப்படி? ஏறுகிற கடல் சும்மா ஏறாது. அலை முன்னால் இருக்கும் மணல்மேட்டைச் சீவி, மேலே தூக்கிப் போட்டு, உருட்டிக்கொண்டே வரும். முற்றம் தெளித்துப் பெருக்கும்போது விளக்குமாற்றுக்கு முன்னால் மண் சேர்வதுபோல. சேர்ந்த இடத்தில் காற்று எடுத்துக்கொள்ளும். 120 மீட்டர் ஆழத்தில் காய்ந்து கிடந்த மணலைவிட, பக்கத்தில் வந்து சேர்ந்த இந்த மணல்தான் கரையோரத் தேரிக்குத் தீனி என்று இப்போது நினைக்கிறேன். சீவி முடித்த இடத்தில் மிஞ்சியதுதான் என் மூன்று பையில் இருந்த பருமணல்.

ஆற்று மண் ஏன் அதை மூடவில்லை? கடல் ஏறஏற ஆற்று வாய் முங்கிப் பின்வாங்கும். ஆறு கொண்டுவரும் வண்டல் முழுக்க முகத்துவாரத்திலேயே அடங்கிவிடும், வெளித்திட்டுக்குப் போய்ச் சேராது. அதே காலத்தில் மழையோ கூடியது. தென்மேற்குப் பருவமழை மறுபடி வலுத்து, 11,000க்கும் 7,000க்கும் நடுவில் கங்கையும் பிரம்மபுத்திராவும் இன்றைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் வண்டல் கொண்டுவந்தன. தேரிக்குச் சிவப்பு ஏற அந்த ஈரமும் வேண்டியிருந்திருக்கும்.

மே 17, இரவு 10.45

வீடியோ தலைகீழ் என்று எழுதினேன். நானும் பாதி தலைகீழாகத்தான் எழுதியிருக்கிறேன்.

மே 18, காலை 9.00

வரும் என்று தெரியும், வந்துவிட்டது. குமரிக்கண்டம். குமரிக்குத் தெற்கே தரை இருந்ததா? இருந்தது. கண்டமா? இல்லை, திட்டின் விளிம்பு வரைதான், அதற்கப்புறம் செங்குத்தான ஆழம். ஒரே இரவில் முங்கியதா? பனி மிக வேகமாக உருகிய சமயம், சுமார் 14,500 ஆண்டுக்கு முன், கடல் ஆண்டுக்கு 4 சென்டிமீட்டர் வாக்கில் ஏறியது. கிலோமீட்டருக்கு 1 மீட்டர் சரியும் தரையாக இருந்தால் ஆண்டுக்கு 40 மீட்டர் நிலம் போகும். இரவில் ஓட வேண்டியதில்லை, ஆனால் தாத்தா நட்ட பனையைப் பேரன் பார்க்க முடியாது. இப்போது ஏறுவது ஆண்டுக்கு 3, 4 மில்லிமீட்டர். இத்தோடு விட்டுவிடுங்கள், புலவர்களோடு சண்டை போட எனக்குத் தெம்பில்லை.

மே 19, மாலை 6.15

கடல் மட்டம் ஒன்றுதான், கரைகள் ஏன் வெவ்வேறு திசையில் போகின்றன என்று கேட்டவருக்கு.

கொற்கையைப் பாருங்கள். சங்ககாலத் துறைமுகம். 1870களில் கால்டுவெல் அங்கே தோண்டிப் பார்த்தார். இன்று கடலிலிருந்து ஆறேழு கிலோமீட்டர் உள்ளே, வாழைத் தோட்டத்துக்கு நடுவில் இருக்கிறது. பூம்புகாரிலோ கடல் நிலத்தைத் தின்றது. இரண்டுக்கும் ஒரே கடல்தான். கடல் நிலைகொண்ட பிறகு யார் மண் கொண்டுவந்து போடுகிறார்கள் என்பதுதான் கணக்கு. தாமிரபரணி தன் வாயை அடைத்து அடைத்து வெளியே தள்ளிவிட்டது.

2023 டிசம்பர் வெள்ளம் ஞாபகம் இருக்கும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. ஏரலில் என் அத்தை வீட்டில் தண்ணீர் வடிந்த பிறகு போனேன். நடுக்கூடத்தில் ஒரு விரல்கடை வண்டல். பீரோவை நகர்த்தினால் அதன் அடியில் மட்டும் பழைய மொசைக் தரை, சதுரமாக. வண்டலை வெட்டி வழிக்கும்போது பார்த்தால் கீழே பொடிமணல், மேலே வழவழவென்று களி. தண்ணீர் வேகமாக வந்து, பிறகு நின்று, பிறகு வடிந்த வரிசை அப்படியே இருந்தது. அத்தை அழுதுகொண்டிருந்தார்கள், நான் குனிந்து அடுக்கு பார்த்துக்கொண்டிருந்தேன். மாமா இன்னும் என்னோடு சரியாகப் பேசவில்லை.

கடலடியிலும் நூறு வருட மண் இப்படி நாலைந்து நாளில் வந்து விழுந்ததாக இருக்கலாம். ஆண்டுக்கு இத்தனை மில்லிமீட்டர் என்று சராசரி போடும்போதெல்லாம் எனக்கு அந்த பீரோ சதுரம் நினைவுக்கு வருகிறது.

மே 23, இரவு 9.10

உடன்குடித் தம்பி போட்ட போட்டோவைப் பார்த்தேன். 58 அடியில் ஊரி, அதாவது நத்தை ஓடு. கூம்பாக, முறுக்குச்சுற்று போட்டது, விரல்கணு நீளம். இது வேரில்லை. நிஜமான ஊரி.

பெரியப்பா சிரிப்பது இங்கே கேட்கிறது.

மே 23, இரவு 11.50

அவசரப்பட வேண்டாம். முதலாவது, இந்த வடிவத்து ஊரி திறந்த கடலில் வாழ்வதைவிட உப்பங்கழிச் சேற்றில்தான் அதிகம் ஊரும். மணப்பாட்டில் கருமேனி ஆறு கடலில் சேரும் இடத்தில், மணல்திட்டுக்குப் பின்னால் கழி இருக்கிறதே, அதுபோல ஒன்று அங்கே இருந்திருக்கலாம். இரண்டாவது, தண்ணீர் பீய்ச்சிப் போடும் போரில் எந்த அடியில் கிளம்பியது எந்த அடியில் வெளியே வந்தது என்று சத்தியம் பண்ண முடியாது. சகதியோடு சேர்ந்து வருவதுதானே. 58 என்பது 50ஆகவும் இருக்கலாம். மூன்றாவது, ஒரே ஒரு ஊரி.

மே 24, காலை 6.20

இருந்தாலும் மேலே வேர், கீழே ஊரி. மேலே தரை, கீழே கழி. தேரிக்கு அடியில் கடல் இருந்தது என்று வீடியோ சொல்லியிருந்தால் நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன். தேரியே கடலடி என்றதுதான் தப்பு. பெரியப்பாவுக்குப் பாதி மார்க்.

எந்தக் கடல் என்பதற்கு உங்கள் கிணற்றடியின் உயரம் வேண்டும். தரை 12 மீட்டர் உயரம் என்றால் ஊரி கிடந்தது இன்றைய கடல் மட்டத்துக்கு 5, 6 மீட்டர் கீழே. கடல் திரும்பி வரும் வழியில், 8,000 ஆண்டு சுமாருக்கு விட்டுவிட்டுப் போனதாக இருக்கலாம். தரை 20 மீட்டர் என்றால் ஊரி கடல் மட்டத்துக்கு 2 மீட்டர் மேலே. அப்போது கதை வேறு. கடல் இன்றைவிட உயர்ந்திருந்த ஏதோ ஒரு காலம். ராமேஸ்வரம் பக்கம் தண்ணீருக்கு மேலே நிற்கும் பவளப்பாறைக்குக் கார்பன் கணக்கில் சுமார் 4,000 ஆண்டு என்று வந்திருக்கிறது, அதுபோல ஒரு ஏற்றம். அல்லது இன்னும் பழையது. 1,25,000 ஆண்டுக்கு முன், இதற்கு முந்தின வெக்கைக் காலத்தில், கடல் இன்றைவிட 6 மீட்டருக்கும் மேலே இருந்தது.

போன் காட்டும் உயரத்தைப் போடாதீர்கள். காலையில் 4 மீட்டர் என்றும் மத்தியானம் 19 என்றும் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். கொத்தனாரிடம் மட்டம் பார்க்கும் தண்ணி டியூப் இருக்கும். கிட்டத்தில் ஏதாவது மதகுச் சுவரில் உயரக்குறி வெட்டியிருந்தால் அங்கிருந்து பிடித்துக்கொண்டு வரச் சொல்லுங்கள். ஒரு நாள் கூலி ஆகும், பாதி நான் தருகிறேன்.

மே 26, இரவு 8.30

கொத்தனார் அடுத்த வாரம்தான் வருவாராம். 35 அடித் தண்ணீர் நல்ல தண்ணீர், 58ல் உவர், அதனால் கேசிங் குழாயை 40 அடி ஆழத்துக்கு மேலேயே தூக்கி நிறுத்திவிட்டார்கள். சரியான வேலை. கீழே போயிருந்தால் தென்னை போயிருக்கும்.

ஊரியைக் கழுவ வேண்டாம், ஒரு கண்ணாடிக் குப்பியில் போட்டு வையுங்கள், கார்பன் வைத்து வயது பார்க்க யாரிடமாவது சொல்லிப் பார்க்கிறேன் என்று எழுத வந்தேன். அதற்குள் பெரியப்பா அதைத் திருஷ்டிக்கு மோட்டார் ரூம் வாசலில் கட்டிவிட்டார் என்கிறீர்கள். கட்டிய கயிறு என்ன கயிறு? நைலான் தூசு ஒட்டினால் வயது கூடும், பருத்தித் தூசு ஒட்டினால் குறையும்.